உருகும் மெழுகுக்கு ஒரு கூடு

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சி ஒன்றில், வெப்பத்தைச் சேமித்து வைக்கும் பொருள்களின் வரலாறு பற்றி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் ஜொகூர் மாநிலத்தில் மாசாயில் குடியிருப்பவன். இன்றைய தலைப்பைக் கேட்டதும், "இது விஞ்ஞானிகள் சமாச்சாரமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி கடைசியாக எப்போது உறைந்தது? தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மார்கழி மாதத்தில் எண்ணெய் புட்டிக்குள்ளேயே வெள்ளையாக இறுகிவிடும், வெயிலில் வைத்தோ வெந்நீரில் நிறுத்தியோ இளக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும் என்பார்கள். கேமரன் மலையில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். மாசாயில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உருகக்கூடியது. நம் வீடுகளுக்குள் வெப்பம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே நம் புட்டியில் அது எந்நேரமும் எண்ணெயாகவே இருக்கிறது. இந்தப் புட்டியை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு பொருள் உருகும்போது அது வெப்பத்தை விழுங்குகிறது. விழுங்கினாலும் அதன் சூடு ஏறுவதில்லை. மறுபடி உறையும்போது, விழுங்கியதை அப்படியே வெளியே விடுகிறது. 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இதைச் சோதித்து அறிந்து, மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிப் புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று படித்தோமே, அதுதான். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடாகிவிடும். அவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டும் பனிக்கட்டி 0 பாகையிலேயே நிற்கிறது.

அப்படியானால், நமக்கு வசதியான வெப்பநிலையில் உருகும் ஒரு பொருளை வீட்டுச் சுவரில் வைத்துவிட்டால் என்ன? பகல் வெப்பத்தை அது விழுங்கும், இரவில் வெளியே விடும். யோசனை சுலபமானது. உருகியதை ஒழுகாமல் ஓரிடத்தில் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பெண்கள் கட்டிய வீடு

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊர். அங்கே ஒரு வீடு எழும்பியது. வரைபடம் போட்டவர் எலினோர் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். பணம் கொடுத்தவர் அமீலியா பீபாடி என்ற சிற்பி. வெப்ப ஏற்பாட்டை வடிவமைத்தவர் மரியா டெல்கெஸ். மூவரும் பெண்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெப்பத்தைப் பற்றிய பேச்சு வந்தால் நம் வீடுகளில் அதை அதிகம் அறிந்தவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்கள்தான், ஆனால் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்கள் பெயர் வருவது குறைவு.

டெல்கெஸ் அம்மையார் 1900இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் தத்தளிக்கும் வீரர்கள் உப்பு நீரைக் குடிநீராக்கிக் கொள்ளச் சூரிய வெப்பத்தால் இயங்கும் சிறு கருவி ஒன்றை உருவாக்கியவர். டோவர் வீட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது கிளாபர் உப்பு. ஏறத்தாழ 32 பாகையில் உருகும், விலை மலிவு, உள்ளுறை வெப்பமும் அதிகம். அந்த உப்பை டன் கணக்கில் உலோகக் கலன்களில் அடைத்து, அறைகளுக்கு நடுவே வைத்தார். பகலில் சூரியன் உப்பை உருக்கும், இரவில் அது உறைந்து வீட்டைச் சூடாக்கும். வெளியே பனி கொட்டும் ஊரில், எண்ணெய் அடுப்பு இல்லாமல் ஒரு குடும்பம் அந்த வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின.

ஆனால் சில குளிர்காலங்களுக்குள் ஏற்பாடு தளர்ந்துவிட்டது. காரணம் இரண்டு. ஒன்று, அந்த உப்பு உருகும்போது ஒரு பகுதி அடியில் வண்டலாகத் தங்கிவிடும். மறுபடி உறையும்போது மேலே இருக்கும் நீரோடு அது சரியாகச் சேராது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி குறையும். இரண்டாவது, உப்புத் தண்ணீர் கலன்களை அரித்தது. அரித்த கலன் ஒழுகியது. கடைசியில் அந்த வீட்டிலும் வழக்கமான எண்ணெய்ச் சூடேற்றியைப் பொருத்த வேண்டியதாயிற்று.

அந்த அம்மையார் தோற்றுவிட்டார் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தேர்ந்தெடுத்த உப்பில் குறை உண்டு, சரி. அந்தக் குறையைப் பெரிதாக்கியது பெரிய கலன். கலன் பெரிதாக இருந்தால் வண்டல் அடியில் தங்க இடம் கிடைக்கிறது. மிகச் சிறிய கூடாக இருந்தால்? அந்தக் கேள்விக்கு விடை, வெப்பத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு தொழிலிலிருந்து வந்தது.

ரசீதுப் புத்தகத்திலிருந்து வந்த வித்தை

மளிகைக் கடையில் ரசீது எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவே கார்பன் தாள் இல்லாமலேயே மேல் தாளில் எழுதியது கீழ்த் தாளில் பதிகிறதல்லவா? மேல் தாளின் பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்கூடுகள் பூசப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் நிறமில்லாத சாயம். பேனா அழுத்தும் இடத்தில் கூடு உடைகிறது, சாயம் கீழ்த் தாளின் மேற்பூச்சோடு கலந்து நிறம் பெறுகிறது. இதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கடைக்காரர்களுக்குக் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து விற்ற நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தார். பாரட் கிரீன் என்பவரும் அவருடைய தோழர்களும் பாடுபட்டு, 1950களின் நடுவில் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள்.

அந்தக் கூட்டை எதனால் செய்தார்கள் தெரியுமா? ஜெலட்டினும் அரபிப் பிசினும். இரண்டும் இயற்கை தந்த பாலிமர்கள். அரபிப் பிசின் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கருவேலம் பிசினுக்குச் சொந்தக்காரன். எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் கலக்கி, அமிலத்தன்மையை மாற்றினால், இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துத் துளியைச் சுற்றித் தோலாகப் படிந்துவிடும்.

ரசீதுப் புத்தகத்துக்குக் கூடு உடைய வேண்டும். வெப்பத்தைச் சேமிக்கும் மெழுகுக்குக் கூடு உடையவே கூடாது. ஆயிரக்கணக்கான முறை உள்ளே இருப்பது உருகிப் பெருத்து, உறைந்து சுருங்கும். அத்தனையையும் அது தாங்க வேண்டும். ஆகவே பிசினை விட்டுவிட்டு மெலமின் பிசின், அக்ரிலிக் போன்ற செயற்கைப் பாலிமர்களுக்குப் போனார்கள்.

1980களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவோடு, வட கரோலினாவில் டிரையாங்கிள் என்ற ஆய்வு நிறுவனத்தார் மெழுகு நிரம்பிய நுண்கூடுகளை நூலிழைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். விண்வெளி வீரரின் கையுறைக்காகத் தொடங்கிய வேலை. 1988இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது மெத்தை, காலுறை, குளிர்ச்சட்டை என்று கடைக்கு வந்தது. விளம்பரங்களைப் பார்த்தால் அந்தச் சட்டை ஏதோ கையடக்கக் குளிர்சாதனம் போலத் தோன்றும். கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனை முடிவு வேறு சொன்னது. வெப்பமான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும்போது அந்தத் துணி தரும் பலன் ஏறத்தாழ 15 நிமிடம்தான். துணியில் இருக்கும் மெழுகு அவ்வளவுதானே.

சுவரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுவர் பெரியது. 2000களில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம், பிரவுன்ஹோபர் சூரியசக்தி ஆய்வுக் கழகத்தோடு சேர்ந்து உழைத்து, மைக்ரோனல் என்ற பெயரில் ஒரு தூளை விற்றது. அக்ரிலிக் கூட்டுக்குள் மெழுகு. கூட்டின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. கையில் எடுத்தால் கோதுமை மாவு போல இருக்கும். அதைச் சுவர்ப் பலகையிலும் பூச்சிலும் கலந்தார்கள். ஆணி அடித்தாலும் ஒழுகாது.

சிறிய கூட்டின் கணக்கு

கூடு ஏன் அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்? ஒழுகாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. மெழுகு வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். தண்ணீரைவிடவும் மந்தம். பெரிய கட்டியாக இருந்தால் வெளிப்பக்கம் உருகும், உள்ளே வெப்பம் போய்ச் சேர நேரமாகும். ஒரு லிட்டர் மெழுகை ஒரே உருண்டையாகப் பிடித்தால் அதன் மேற்பரப்பு சதுர மீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதே மெழுகை 5 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 1,200 சதுர மீட்டர் ஆகிறது. 20 அடிக்கு 70 அடி என்று நம் தாமான்களில் மனை அளக்கிறோமே, அதுபோல ஒன்பது மனை. அவ்வளவு பரப்பின் வழியாக வெப்பம் உள்ளே போய் வரலாம்.

இதற்கு விலை கொடுக்காமல் முடியாது. கூடு உருகுவதில்லை. வெப்பத்தைச் சேமிப்பதில் அதற்குப் பங்கில்லை, எடை மட்டும் கூடுகிறது. தனி மெழுகு கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் பிடிக்கும் என்றால், கூட்டோடு சேர்த்து மைக்ரோனல் தூள் பிடித்தது 110 கிலோஜூல் அளவுதான். கூட்டை மெலிதாக்கினால் சேமிப்பு கூடும், ஆனால் ஒழுகும். தடிப்பாக்கினால் ஒழுகாது, சேமிப்பு குறையும். இந்தத் துறை ஆய்வாளர்கள் இத்தனை ஆண்டுகளாகத் தராசில் நிறுத்துக் கொண்டிருப்பது இதைத்தான்.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. உறைவதற்கு ஒரு விதை வேண்டும், ஒரு தூசியாவது வேண்டும். பெரிய பாத்திரத்தில் எங்காவது ஒரு தூசி இருக்கும், அதைப் பற்றிக்கொண்டு முழுவதும் உறைந்துவிடும். கோடிக்கணக்கான சிறு கூடுகளாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலானவற்றில் விதையே இருக்காது. 28 பாகையில் உருகிய மெழுகு, அதே 28 பாகையில் உறையாமல், பத்துப் பாகைக்கு மேல் கீழிறங்கியும் எண்ணெயாகவே நிற்பதுண்டு. இதை நேர்செய்ய, முதலில் உறையக்கூடிய வேறொரு பொருளைச் சிறிதளவு மெழுகோடு கலக்கிறார்கள். பாலைத் தயிராக்க உறை ஊற்றுகிறோமே, பார்வைக்கு அதுபோலத்தான்.

வேலூரில் ஒரு தொட்டில்

கூடு சிறிதாக இருந்தால்தான் பயன் என்பதில்லை. கைக்கு அடங்கும் பிளாஸ்டிக் பொதியாக இருந்தாலும் போதும் என்ற இடங்கள் உண்டு. அங்கே எடையையும் வேகத்தையும்விட, உருகும் வெப்பநிலை எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பதே முக்கியம். அப்படி ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்படும். அந்தக் குழந்தையின் உடல் வெப்பத்தை 33, 34 பாகைக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் பாதிப்பு குறைகிறது என்பதை மேலைநாட்டு மருத்துவமனைகள் கண்டறிந்திருந்தன. அதற்கான இயந்திரம் விலை அதிகம், மின்சாரமும் தடைபடக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முதலில் துணி சுற்றிய குளிர்பொதிகளைக் கொண்டு முயன்றார்கள். 2011இல் அதன் முடிவு வெளியானது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பொதியில் ஒரு சங்கடம் உண்டு. அது குழந்தையை வேண்டிய அளவுக்கும் கீழே இறக்கிவிடலாம். தாதியர் இரவும் பகலும் வைத்து, எடுத்து, அளந்து கொண்டே இருக்க வேண்டும். குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருளோ அந்த வெப்பநிலையிலேயே நிற்கும். ஆகவே புளூஸ் என்ற இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து அத்தகைய பொருளைக் கொண்ட தொட்டில் ஒன்றை உருவாக்கினார்கள். மிராகிரேடில் என்று பெயர்.

வேலூரில் நார்வே நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 50 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. குளிர்விக்கப்பட்ட குழந்தைகளின் எம்ஆர்ஐ படங்களில் மூளைப் பாதிப்பு குறைவாக இருந்தது. நான் இதோடு நிறுத்திவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அடுத்த ஆண்டே, 2021இல், இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளில் 408 குழந்தைகள். இயந்திரத்தால் குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே, குளிர்விக்கப்படாதவர்களைவிட இறப்பு கூடுதலாக இருந்தது. அதில் பயன்பட்டது இந்தத் தொட்டில் அல்ல என்பது உண்மை. ஆயினும் குளிர்விப்பதே நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு எப்போது நல்லது, யாருக்கு நல்லது என்ற கேள்வி எழுந்து, மருத்துவர்களிடையே விவாதமாகியிருக்கிறது. தொட்டில் தன் வெப்பநிலையைச் சரியாகவே பிடித்தது. அந்த வெப்பநிலை அந்தக் குழந்தைக்கு ஏற்றதா என்பதைத் தொட்டிலால் சொல்ல முடியாது.

நம் ஊருக்கு எது?

இப்போது மாசாய்க்கு வருகிறேன். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் தாமான்களாக மாறிய வட்டாரம் இது. பக்கத்தில் பாசிர் கூடாங். 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியதிலிருந்து செம்பனை எண்ணெய் ஆலைகளும், அந்த எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பு அமிலங்கள் எடுக்கும் ஆலைகளும் அங்கே பெருகின. லாரிக் அமிலம், பால்மிடிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம். பெயர்கள் பயமுறுத்தினாலும் எல்லாம் நம் தோட்டத்துப் பழத்திலிருந்து வருபவைதான். இவை யாவும் நல்ல வெப்பச் சேமிப்புப் பொருள்கள் என்பது உலகறிந்த செய்தி. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் பால்மிடிக் அமிலத்தை நானோ அளவுக் கூடுகளில் அடைத்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிமர் கூடு அல்ல, சிலிக்கா கூடு. அது வெப்பத்தைச் சற்று நன்றாகக் கடத்தும், தீயும் பற்றாது.

சரி, ஜெர்மனிக்காரர் தூளை வாங்கி நம் சுவரில் பூசினால் என்ன? அது 21, 23, 26 என்ற பாகைகளில் உருகும்படி செய்யப்பட்டது. அங்கே கோடை இரவிலும் சன்னலைத் திறந்தால் குளிர்காற்று வரும், மெழுகு உறையும், மறுநாளுக்குத் தயாராகிவிடும். இங்கே பகலில் 32 பாகை. இரவில் வெளியே 24 வரை இறங்கினாலும், நாள் முழுதும் வெயில் குடித்த செங்கல் சுவர் உள்ளே அவ்வளவு இறங்க விடுவதில்லை. முதல் நாளே மெழுகு உருகும். அதன் பிறகு உறையாது. உறையாத மெழுகு வெறும் எண்ணெய்.

நேயர்களே, இதுதான் அந்தத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி.

நமக்கு வேண்டியது 27லிருந்து 30 பாகைக்குள் உருகி, அதை ஒட்டியே உறையவும் செய்யும் பொருள். பகலுக்கும் இரவுக்கும் நடுவே நமக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது. மேலே சொன்ன 'விதை இல்லாத' சிக்கல் ஜெர்மனியில் ஒரு தொந்தரவு, இங்கே அது காரியத்தையே கெடுத்துவிடும். செம்பனையிலிருந்து கிடைக்கும் லாரிக் அமிலம் 44 பாகையிலும் பால்மிடிக் அமிலம் 63 பாகையிலும் உருகும், சுவருக்கு ஆகாது. ஆனால் பால்மிடிக் அமிலத்தின் மெத்தில் எஸ்டர் 30 பாகையை ஒட்டி உருகுகிறது. அதுவும் இதே எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவதுதான். நம் வீட்டுக்கு எதிரே ஓடும் டேங்கர் லாரிகள் ஏற்றிச் செல்வது இந்தக் குடும்பத்துச் சரக்கு.

ஆனாலும் ஆலை வைத்துவிடலாம் என்று நான் அவசரப்பட மாட்டேன். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடியதும், பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டதும் மாசாய்க்காரர்களுக்கு மறக்காது. பாலிமர் கூட்டுக்கு என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மெலமின் கூடுகளில் பார்மால்டிஹைடு இருக்கிறது, அது சிறுகச் சிறுக வெளியேறக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்டிக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது, வாசனைப் பொருள்களை அடைக்கும் பாலிமர் கூடுகளுக்கும் கெடு விதித்தது. மெழுகுக்குத் தீப்பற்றும் குணம் வேறு. குடிசையிலும் அடுக்குமாடியிலும் வாழ்கிறவர்கள் இதையெல்லாம் கேட்காமல் யார் கேட்பது?

பாஸ்ஃப் நிறுவனம் மைக்ரோனல் தொழிலை 2017இல் விற்றுவிட்டது. வாங்கியது மைக்ரோடெக் என்ற நிறுவனம். அது இருக்கும் ஊர் டேட்டன், கல்லாப்பெட்டிக்காரர்கள் முதல் நுண்கூட்டைச் செய்த அதே டேட்டன்.

உரை முடிந்து கேள்வி நேரத்தில் ஒரு மூதாட்டி எழுந்தார். "தம்பி, ராத்திரி சன்னலைத் திறந்து வைத்தால்தானே உங்கள் மெழுகு உறையும்? இந்தக் காலத்தில் யார் சன்னலைத் திறந்து தூங்குகிறார்கள்? திருடன் பயம், கொசு பயம்" என்றார். அரங்கில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. ஆய்வகத்தில் மெழுகை அளக்கும் கருவி இருக்கிறது, மாசாய் வீட்டுச் சன்னல் இரவில் எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்பதை அந்தக் கருவி அளப்பதில்லை. கம்பி வலை போட்ட சன்னலும் கூரைக்கடியில் ஒரு காற்றுவழியும் இருந்தால் பயமில்லாமல் இரவுக்காற்று வருமே என்று சொன்னேன். "அப்படியானால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள், மெழுகு பிறகு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார்.